தாமதமாக வந்த வலி

பாக்கார் ஆராங் கடைவீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பார்க்காமலேயே கார் கதவைத் திறந்தாள் ஜேன்... தடால்! ஒரு மோட்டார் சைக்கிள் கதவில் மோதிச் சறுக்கி விழுந்தது.

"ஐயோ! சாரிண்ணே... அடிபட்டுருச்சா?"

ஓட்டி வந்தவன் எழுந்து நின்றான். இமைகளில் மழைத்துளி. உள்ளே குறும்பு மின்னும் கண்கள்.

"அண்ணேன்னு கூப்பிட்டீங்க பாருங்க... அதுதான் லா வலிக்குது."

ஜேனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய இடது முன்கை வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

"அட, ஒடஞ்சிருச்சா?" யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

அந்தக் கைக்குக் குடையை அணைகொடுத்துத் துப்பட்டாவால் கட்டி, அவனைக் காரில் ஏற்றினாள். பெயர் வசந்தன், வீடு லூனாஸ், ஃபேக்டரியில் டெக்னீஷியன்... வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

"நெஜமாவே வலிக்கலையா?"

"இல்லியே. பயமா இருக்கா?"

"ஆச்சரியமா இருக்கு. ஒங்க மூளையே மார்ஃபின் மாதிரி ஒண்ணு சுரக்குது. எண்டோர்பின். ஆபத்துலேர்ந்து மொதல்ல தப்பிக்கட்டும்னு, வலி வர்ற வழிய அடைச்சிருது."

"யாரும் சொல்லாமலேயா?"

"யாரும் சொல்லாமலே..."

ஜேன் மருத்துவமனையில் மருந்தாளர். மார்ஃபின் அவள் பூட்டி வைத்து, கையெழுத்து வாங்கி, அளந்து கொடுக்கும் மருந்து. அதைப் போன்ற ஒன்றை இவனுக்குள் யாரோ கேளாமலே ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்! பரீட்சைக்குப் படித்ததுதான். கண்முன்னே பார்த்தபோது மெய்சிலிர்த்தது. 'கர்த்தரே...' என்றது மனம்.

அவசரப்பிரிவு வாசலில்தான் வலி வந்தது. முகம் வெளிற, நல்ல கையால் அவள் விரல்களை இறுகப் பற்றினான். விடுவித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதன்பின் தினமும் வார்டுக்குப் போனாள். ஒருநாள் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மிஸ், இனிமே வராதீங்க. எனக்குப் பரிதாபம் வேணாம்."

சுருக்கென்றது. ரோஷத்தோடு திரும்பிவிட்டாள். ஆனால் அந்த வலிக்கு மட்டும் மூளை எதையும் சுரந்ததாகத் தெரியவில்லை...

அவன் வீடு திரும்பிய பிறகு, ஒரு ஞாயிறு சர்ச் முடிந்ததும் லூனாஸுக்குக் காரை விட்டாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். மாவுக்கட்டுக் கையோடு அவனே கதவைத் திறந்தான்.

"பரிதாபத்துல வரல," என்றாள் படபடவென்று. "ஒங்க பேச்சக் கேக்காம இருக்க முடியல... அதான். போகச் சொன்னா போயிடுறேன்."

வசந்தன் தலைகுனிந்தான்.

"நீங்க படிச்சவங்க. நான் எஸ்டேட்டுத் தொழிலாளி வீட்டுப் பையன். ஆசைப்படக்கூடாதுன்னுதான் அப்பிடிச் சொன்னேன், ஜேன்."

"இப்ப?"

நிமிர்ந்தான். அந்தக் கண்கள் கலங்கியிருந்தன.

"இப்ப ஆசப்படுறேன் லா... ரொம்ப."