ஒன்பது பல் கத்தி

அங்காளம்மாள் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். கும்மிடிப்பூண்டி ரயிலடியில் தாவீதின் போட்டோ ஸ்டுடியோ. படம் பிடித்துக்கொள்ள வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் ஆதிநாராயணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போலீஸ் கைரேகைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் பூதக்கண்ணாடியோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். களவு போனாலும் ஆள் காணாமல் போனாலும் ஜனங்கள் அவரைத் தேடி அங்கேதான் வருவார்கள். வருகிறவர்களைவிட அதிக ஆவலாய்க் காதைத் தீட்டிக்கொள்வது தாவீதுதான்.

"ஐயா, என் ஊட்டுக்காரு செத்துட்டாரா, உயிரோட கீறாரான்னு நீங்க சொல்லணும். வர்ற அமாவாசைக்குள்ள சொல்லணும்" என்றாள்.

ஆடி அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது. 1972ஆம் வருஷம்.

"உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு" என்றார் ஆதிநாராயணன்.

சொன்னாள். புருஷன் பெயர் நாகமுத்து. பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குடும்பம்தான், ஆனாலும் அவன் இருபது வருஷமாய்த் துளசிராமனின் கத்திப் பட்டறையில் அரம் பிடிக்கிறவன். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தன் அண்ணனுடைய படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் தனியாகப் போனான். சாயங்காலம் படகு மட்டும் ஒதுங்கியது. உள்ளே அவன் துண்டு இருந்தது. உடல் கிடைக்கவேயில்லை.

"அமாவாசையன்னிக்கி எள்ளும் தண்ணியும் விட்டு, தாலிய எடுத்துடணும்னு ஊருல சொல்லிட்டாங்க. அப்பத்தான் ஆவணியில பொண்ணு கல்யாணம் நடக்குமாம். ஆனா சோறு வெச்சா காக்கா தொட மாட்டேங்குது ஐயா. பொழுது சாஞ்சா மணல்மேட்டுல நிக்கிறாருன்னு வலைக்காரங்க சொல்றாங்க. அந்தப் பக்கம் ஒருத்தரும் இப்ப படகு உடறதில்ல."

தாவீது எழுந்தான். கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தான். நல்ல வெயில் உள்ளே வந்தது. அப்படியும் அவனுக்கு முதுகு சில்லிட்டது.

"இப்ப இன்னாத்துக்கு உனக்குச் சந்தேகம் வந்தது?" என்று கேட்டார் ஆதிநாராயணன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து வைத்தாள். புதுக் கத்தி. போன ஞாயிறு பெரியபாளையத்தில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போனவள், எலுமிச்சம்பழம் நறுக்க ஒரு கடையில் வாங்கியிருக்கிறாள்.

"வெட்டலாம்னு அழுத்துனேன். கட்டைவிரலு பட்டதுமே கத்தி கீழ விழுந்துச்சு. அது அவரு போட்ட பல்லு."

கத்தியை அழுத்தும்போது கட்டைவிரல் வழுக்காமலிருக்க அதன் முதுகில் வரிவரியாய் அரத்தால் வெட்டுவார்கள். பட்டறையில் அதைப் பல் என்பார்கள். எல்லோரும் சீராய் ஒன்பது போடுவார்கள். நாகமுத்து மட்டும் ஏழு போட்டு, ஒரு நெல் அளவு இடம் விட்டு, பிறகு இரண்டு போடுவான். விரலின் கணு வந்து உட்கார அந்த இடைவெளியாம்.

"செத்தவன் எப்படிம்மா பல் போடுவான்?" என்று தாவீது வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"அதத்தான் நானும் கேக்கறேன். போறதுக்கு முன்னாடியே அவர ஏதோ புடிச்சிருந்துச்சுண்ணா. மார்கழியில கொதிக்கிற சோத்துப் பானைய வெறுங்கையால எறக்கி வெச்சாரு. கை பொத்துப் போச்சு. சுடவே இல்லடின்னு சிரிக்கிறாரு. இன்னொரு நாளு ஒத்தக் கால்ல செருப்போட ஊட்டுக்கு வந்தாரு. மறுகால் முழங்கால் மட்டும் சேறு. செருப்பு எங்கேன்னா, குனிஞ்சு பாத்துட்டுத்தான் அது இல்லன்னே தெரிஞ்சுக்கினாரு. காத்துக் கருப்பு அடிச்சிருக்குன்னு பூசாரி சொன்னாரு."

ஆதிநாராயணன் பேப்பரை மடித்து வைத்தார். "அவர் செஞ்ச பழைய கத்தி ஊட்டுல இருந்தா எல்லாத்தையும் கொண்டு வா. எப்ப செஞ்சதுன்னு தெரிஞ்சா நல்லது."

மறுநாள் மூன்று கொண்டுவந்தாள். ஒன்று மகள் பிறந்த வருஷத்தது. ஒன்று போன ஆடியில் செய்தது. ஒன்று காணாமல் போவதற்கு முந்தைய வாரத்தது. தாவீது மெழுகை உருக்கித் தட்டில் ஊற்ற, ஆதிநாராயணன் நான்கு கத்தி முதுகையும் வரிசையாய் அதில் அழுத்தி எடுத்தார். பள்ளம் எவ்வளவு ஆழமோ மெழுகில் அவ்வளவு உயரமாய் மேடு நின்றது. தாவீது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். நான்கிலும் ஏழும் இரண்டும். முதல் வரிசை எறும்புப் பல்போல, இரண்டாவது கொஞ்சம் மேலே, மூன்றாவது ரம்பம்போல. பெரியபாளையத்துக் கத்தி எல்லாவற்றையும்விட உயரம்.

"இன்னா தெரியுது?" என்றார்.

"பேய்க்குக் கோபம் ஜாஸ்தியாயிட்டே போவுது" என்றான் தாவீது. ஆதிநாராயணன் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானமே பட்டறைக்குப் போனார்கள். முதலாளி துளசிராமன் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். பருத்த உடம்பு, பெரிய குரல். கத்தியைப் பார்த்ததும் அந்தக் குரல் இறங்கிவிட்டது.

"பழைய ஸ்டாக்கு நைனா. அவன் முன்னாடியே போட்டு வெச்சது. இப்பத்தான் கைப்பிடி மாட்டி வித்தோம்."

ஆதிநாராயணன் தலையாட்டிவிட்டுப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். சன்னலோரம் நாகமுத்து நின்று வேலை செய்த இடம். அவன் கத்தியை இறுக்கிப் பிடிக்க வைத்திருந்த இரும்புப் பிடியில் ஒட்டடை கட்டியிருந்தது. பக்கத்தில் மெருகு போடும் குப்பனிடம் மெல்லக் கேட்டார்: "இப்ப யாரு பல்லு போடறது?"

குப்பன் குரலைத் தாழ்த்தினான். "யாருமில்ல சார். வேற ஆளு வெக்கவேயில்ல. பல்லு போடாத பிளேடு தகர டப்பாவுல பள்ளிப்பட்டு பஸ்ஸுல ஏறுது. ஒரு வாரத்துல பல்லோட திரும்பி வருது. முதலாளியே போயி வாங்கிக்கினு வர்றாரு. அந்த டப்பாவ நாங்க கையால தொடமாட்டோம்."

"நாகமுத்துக்கும் முதலாளிக்கும் சண்டை உண்டா?"

"மார்கழியில பெரிய பேஜாரு. பல்லு விரலக் கடிக்குதுன்னு கடைக்காரங்க கத்தியத் திருப்பிட்டாங்க. முதலாளி கத்து கத்துன்னு கத்துனாரு. நாகமுத்து அண்ணன் தன் விரல வெச்சு இழுத்துப் பாத்துட்டு, எனக்குச் சரியாத்தான் கீதுன்னாரு. ரத்தம் வந்துச்சு சார். அவரு பாக்கவேயில்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் தாவீது பொருமினான். "சண்டை, அப்புறம் ஆள் காணோம். துளசிராமன்தான் ஏரியில தள்ளியிருக்கான். குத்தத்தை மறைக்க எவனையோ வெச்சு அதே மாதிரி பல்லு போடறான்."

"மறைக்கிறவன் செத்தவன் கையெழுத்த ஊருல பரப்புவானா தாவீது? நாளைக்கு அவரையும் வரச் சொல்லு."

மறுநாள் காலை ஸ்டுடியோவில் துளசிராமன் ஒரு பக்கம், அங்காளம்மாள் ஒரு பக்கம். நடுவே மெழுகுத் தட்டு. பிள்ளைகளே, நீங்களும் கேட்டதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். எல்லாம் உங்கள் முன்னாலேயே இருக்கிறது.

"பழைய ஸ்டாக்குன்னு சொன்னீங்க" என்று தொடங்கினார் ஆதிநாராயணன். "பழசா இருந்தா இந்தப் பல்லு இந்த மூணுல எங்கியாவது நடுவுல உக்காரணும். உக்காரல. கடைசிக் கத்திய விட ஆழம். அதனால அதுக்கப்புறம் போட்டது."

"வேற ஆள் அவனப் பாத்துப் போட்டிருக்கலாமே?" என்றார் துளசிராமன், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"பாத்துப் போடறவன் கண்ணால கண்ட அளவுக்குப் போடுவான். வாங்குறவங்க வேணாம்னு திருப்பின ஆழத்துக்கு மேலயும் எதுக்குப் போவான்? அப்படிப் போறவன் ஒருத்தன்தான். தன் கட்டைவிரல வெச்சு, பிடிக்குதா பிடிக்குதான்னு பாத்துப் பாத்து வெட்டறவன். அவன் விரலுக்குப் பல்லு தெரியல. தெரியற வரைக்கும் அரத்த இழுக்கறான். வருஷா வருஷம் ஆழம் கூடினதுக்கு அதுதான் காரணம். பானை சுடல, செருப்பு கழண்டது தெரியல, ரத்தம் வந்தது தெரியல. கையும் காலும் மரத்துப் போச்சு. ரேகைப் பிரிவுல இப்படிப்பட்ட விரலுங்கள நிறையப் பாத்திருக்கேன். பொசுங்கின தழும்பு இருக்கும், எப்ப சுட்டுதுன்னு கேட்டா தெரியாதும்பாங்க."

பிறகு அங்காளம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "பேயில்லம்மா. பெருநோய். குஷ்டம்னு சொல்றாங்களே, அது. நாகமுத்து உயிரோட இருக்காரு. பள்ளிப்பட்டுப் பக்கம் அந்த நோய்க்கு ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. டப்பா அங்கதான் போவுது."

துளசிராமன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான்தான் கொண்டுபோய்ச் சேத்தேன். திட்டின பாவி நான்தானே. சத்தியம் வாங்கிக்கினான் நைனா. நோய்னு தெரிஞ்சா குடும்பத்த ஊரே ஒதுக்கும், செத்தேன்னு இருந்தா பொண்ணு வாழ்வான்னான். படக அவனே தள்ளி விட்டான். பல்லு போடாம இருக்க முடியல அவனால. கடைக்காரங்க வாங்க மாட்டாங்கன்னு திருவிழாவுல மலிவாப் போட்டுக்கினு இருந்தேன்."

அங்காளம்மாள் அழவில்லை. எழுந்து நின்றாள்.

"அந்த நோய்க்கு மருந்து கீதா ஐயா?"

"இருக்கு. நாளாகும். ஆனா தீரும்."

அமாவாசையன்று விடிந்ததும், ஏரிக்கரையில் அவளைச் சேர்ந்தவர்கள் எள்ளோடு காத்திருக்க, அவள் பள்ளிப்பட்டு பஸ்ஸில் இருந்தாள். துணைக்குத் தாவீதும் ஆதிநாராயணனும். தாவீது வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். ஆறு மாதமாய் மணல்மேட்டில் நிற்கிறான் என்று பேசப்பட்டவனை நேரில் பார்க்கப் போகிறோமே என்று இருந்தது அவனுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை. பெஞ்சில் ஒருவன் குனிந்து அரம் இழுத்துக்கொண்டிருந்தான். விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஆள் வந்த நிழல் பட்டு நிமிர்ந்தான். கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"கிட்ட வராத அங்காளம்" என்றான்.

"ஆறு மாசமா என்னப் பேயோட குடும்பம் பண்ண வெச்சியே, இன்னா திமிரு உனக்கு!"

"பாப்பா கல்யாணம்..."

"மாப்பிள்ள ஊட்டுல நானே போயி சொன்னேன். நின்னு போச்சு."

அவன் முகம் வற்றிப் போனது. "இதுக்குத்தான... இதுக்குத்தானடி நான் செத்தேன்."

"உன்ன எவன் சாகச் சொன்னது? உன் பொண்ணுதான் என்னப் பஸ் ஏத்தி உட்டா. அப்பன் இருக்கிற ஊட்டுக்குத்தான் எனக்கு மாப்பிள்ள வரணும், இல்லன்னா வேணாம்னா."

நாகமுத்துவின் தோள் குலுங்கியது. தாவீது தலை குனிந்துகொண்டான்.

அவள் கொட்டகைக்குள் நுழைந்தாள். "மருந்து எத்தினி நாளு துண்ணணுமாம்?"

"மூணு வருசமாவது ஆவும்ங்கறாங்க."

"சரி" என்று புடவையை இழுத்துச் செருகினாள். "தள்ளி உக்காரு."