பல்கீஸ் கடைக்கு நல்ல தண்ணீர்

"நாளைக்கு மத்தியானம் வருவேன். அப்பவும் காப்பி இப்படிக் கரிச்சுதுன்னா, படகை அடுத்த தீவுலதான் கட்டுவேன்!"

பாதிக் காப்பியை வைத்துவிட்டுப் பயணிகள் படகை ஓட்டும் சாரங்கு எழுந்து போனார். அந்தமானில் அந்தச் சின்னத் தீவின் படகுத்துறைக்கு எதிரே இருந்தது ஒரே காப்பிக்கடை. கீழக்கரையிலிருந்து வந்த பல்கீஸ் அதை நடத்தினாள். படகு நிற்காவிட்டால் ஈக்கள்தான் வாடிக்கை. அவை காசு தருவதில்லை. புயலில் கடல் கிணற்றுக்குள் புகுந்ததிலிருந்து இந்தத் தொல்லை. தூளை இரட்டிப்பாகப் போட்டாள், உப்பு அசையவில்லை.

"மேற்கால பாறையடியில ஊத்து இருக்கு லாத்தா" என்றான் மீன் பிடிக்கும் வியாகுலம்.

"நீ பாத்தியா?"

"பாத்தவனை நான் பாத்திருக்கேன்."

அந்த உறுதியை நம்பி, விடிந்ததும் கிளம்பினார்கள். மூன்றாவதாகச் சேர்ந்தவர் படகைத் தவறவிட்ட ஈரோட்டுத் துண்டு வியாபாரி நாச்சிமுத்து.

"ஊத்து கிடைச்சா, நான் இருக்கற வரைக்கும் மூணு வேளைக் காப்பி ஓசிங்களா?"

"ஒரு வேளை."

"ரெண்டுங்க!"

"சரி, குடத்தைத் தூக்குங்க அண்ணே."

பல்கீஸ் சின்ன அடுப்பையும் பாலையும் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் கிடைத்த இடத்திலேயே காப்பி போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

பிரம்புக் காட்டில் முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. அட்டைகள் கூசாமல் காலில் ஏறின. தொண்டை வறண்டது. நாச்சிமுத்து பையிலிருந்து நெல்லிக்காய்களை எடுத்து நீட்டினார். "வாயில அடக்கிக்குங்க, தாகம் தெரியாது."

காடு முடிந்ததும் கடலோரப் பாறையடியில் ஒரு குட்டை! வியாகுலம் ஓடிப்போய் அள்ளிக் குடித்தான்.

"தேன்! லாத்தா, தேன்!"

மூவரும் குடித்தார்கள். இனித்தது! நாச்சிமுத்து துண்டைச் சுழற்றி ஆடினார். பல்கீஸ் மட்டும் அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதித்ததும் பாலை ஊற்றினாள்.

பால் திரிந்தது.

"சட்டியைக் கழுவலையா?" என்றான் வியாகுலம்.

"கழுவினேன்டா." அடுப்பை அணைத்த பல்கீஸ் அவன் துப்பிய நெல்லிக்கொட்டையைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "நெல்லிக்காயைத் தின்னா எந்தத் தண்ணியும் இனிக்குமே! இது நம்ம கிணத்தைவிட உப்பு, அதான் பால் திரிஞ்சிருக்கு. தண்ணி கிடைக்கணுங்கிற ஆசையில மூணு பேருக்குமே தோணலையே!"

"அப்ப திரும்பிப் போலாமுங்களா?"

"இருங்க. பால் பாதிதான் திரிஞ்சிருக்கு. கடல் தண்ணியோட நல்ல தண்ணியும் இதுல வந்து கலக்குது. எங்கேயிருந்துன்னுதான்..."

அவள் முடிப்பதற்குள் குட்டையோரத்து மரக்கட்டை கண் திறந்தது.

"முதலை!"

முட்டி வலி என்று வழியெல்லாம் புலம்பிய நாச்சிமுத்துதான் பாறை உச்சியில் முதல் ஆளாக நின்றார். வியாகுலம் குடங்களோடு தாவினான். பல்கீஸ் ஒரு கையில் அடுப்பும் சட்டியும், மறு கையில் பால் தூக்குமாக ஏறினாள். முதலை கீழே வாயைப் பிளந்து காத்திருந்தது.

"காலெல்லாம் நனையுதுங்க" என்றார் நாச்சிமுத்து.

பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிந்து குட்டைக்கு வழிந்துகொண்டிருந்தது! யாரும் குடிக்கவில்லை, ஆடவுமில்லை. மீண்டும் அடுப்பு எரிந்தது. மிச்சப் பாலை ஊற்றிவிட்டு மூன்று தலைகள் சட்டிக்குமேல் குனிந்தன. பால் திரியவில்லை.

குடங்களை நிரப்பிக்கொண்டு, முதலைக்கு எட்டாத மேட்டு வழியாகத் திரும்பினார்கள்.

மத்தியானம் படகு வந்தது. சாரங்கு இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி வந்து, நின்றுகொண்டே ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. பிறகு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துறைப்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"இன்ஜின் எதுக்குடா சும்மா ஓடுது? நிறுத்து! எல்லாரையும் இறங்கச் சொல்லு!"