திருகின் மேல் குங்குமம்

ஸ்கூடாய் நகரில் ஹாரூனின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மதியக் கூட்டம் கலைந்திருந்த நேரம். வந்து உட்கார்ந்த கஸ்தூரி தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். எதிரே இருந்த ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி சாதிக் பாட்சா தன் டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“நாளைக்கு என் தம்பி மூர்த்திக்குக் கருமாதி, பாய். என் வீட்டுக்காரர் அந்த வாசல்ல கால் வைக்கலாமா வேணாமான்னு நான்தான் சொல்லணுமாம். எங்கம்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காங்க.”

நடந்தது இதுதான். தங்காக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டை. துப்பாக்கியின் சொந்தக்காரன் ரூபேந்திரன் சுட்ட குண்டு, கூடப் போன மூர்த்தியின் மார்பில் பாய்ந்துவிட்டது. பன்றியைத்தான் குறிவைத்தேன், துப்பாக்கி மேல் இருந்த குறிபார்க்கும் ஸ்கோப் ஆடிவிட்டது என்றான் அவன். போலீஸ் பார்த்தபோது, ஸ்கோப்பைப் பிடித்திருந்த இரண்டு வளையங்களின் திருகுகளும் உண்மையிலேயே லேசாகத் தளர்ந்திருந்தன. அவற்றைப் பூட்டியவர் துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கும் தங்கராஜு, கஸ்தூரியின் கணவர்.

“நான்தான் மூர்த்தியைக் கொன்னுட்டேன்னு மூலையில கிடக்கறாரு. தம்பிய நினைச்சு அழறதா, இவர நினைச்சு அழறதா?”

“அலமாக்! ஒழுங்கா முறுக்கலன்னா இப்படித்தான்லா ஆகும், மச்சான்,” என்றான் ஹாரூன். சாதிக் பாட்சா தன் மைத்துனனை ஒரு பார்வை பார்த்தார். வாய் மட்டும் இல்லையென்றால் ஹாரூன் தங்கமான மனிதன். கஸ்தூரியையும் அவரையும் காரில் தங்காக்குக்கு அழைத்துப் போனதும் அவன்தான்.

மாலையில் தங்காக் பக்கத்துக் காவல் நிலையத்தில் ரைபிள் மேசை மேல் இருந்தது. அங்கிருந்த அதிகாரி ஒரு காலத்தில் சாதிக் பாட்சாவிடம் வேலை பழகியவர். தங்கராஜுவையும் ரூபேந்திரனையும் வரச் சொல்லியிருந்தார்.

“எப்படிப் பூட்டுனீங்க, தங்கராஜு?” என்று கேட்டார் சாதிக் பாட்சா.

“உதைப்பு ஜாஸ்தியான துப்பாக்கிங்க. அதனால நாலு நாலு ஸ்குரு உள்ள இரும்பு வளையமா எடுத்தேன். எண்ணெய சுத்தமா தொடச்சு, ஸ்குருவுல பசை போட்டு, ஒரே பக்கமா இறுக்காம மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன். ரேஞ்சுல சுட்டும் பாத்தோம். எங்கயோ கோட்ட விட்டுட்டேன், பாய்.”

சாதிக் பாட்சா பூதக்கண்ணாடியைக் குனிந்து பிடித்தார். “வளையத்து ஓரத்துல செவப்பா என்னமோ இருக்கே?”

“துருவா?” என்று ஹாரூன் எட்டிப் பார்த்தான்.

“குங்குமம்,” என்றாள் கஸ்தூரி. “ரேஞ்சுல பாத்து முடிச்சப்புறம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியக் கடையில வச்சிருந்தாங்க. எண்ணெயில கொழச்சு நான்தான் பொட்டு வச்சேன். வளையமும் குழாயும் சேர்ற எடத்துல, ஒவ்வொரு ஸ்குரு தலையிலயும்.”

“அதுக்கப்புறம் எத்தன தடவ சுட்டீங்க, ரூபேந்திரன்?”

“அந்த ஒரு தடவதான், பாய்.”

“பொட்ட அழிக்கலையா?”

“சாமிப் பொட்டு. அத எப்படி அழிக்கறது?”

சாதிக் பாட்சா நிமிர்ந்தார். “வளையம் தளர்ந்திருந்தா, ஒரு குண்டு போட்டாலே உதைப்புல குழாய் வழுக்கும். குழாயில கீறல் விழும், பொட்டும் ரெண்டாப் பிரியும். இங்க கீறலும் இல்ல, பொட்டும் பிரியல. சுட்ட நேரத்துல ஸ்கோப் இறுக்கமாத்தான் இருந்திருக்கு. ஆனா ஸ்குரு தலைக் குழியப் பாருங்க. உள்ள இருந்த குங்குமத்த வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு. பூஜைக்கப்புறம் யாரோ ஸ்குரு முறுக்குற சாவி போட்டிருக்காங்க.”

துப்பாக்கியோடு எடுத்து வைத்திருந்த ரூபேந்திரனின் வேட்டைப் பையை அதிகாரி கவிழ்த்தார். தங்கராஜு ஸ்கோப்போடு கொடுத்திருந்த சின்னச் சாவி மேசையில் விழுந்தது. அதன் நுனி சிவந்திருந்தது.

“சுட்டதுக்கப்புறம், போலீஸ் வர்றதுக்கு முன்னாடி. அப்ப துப்பாக்கி உங்க கையிலதானே இருந்துச்சு?” என்றார் சாதிக் பாட்சா.

ரூபேந்திரன் சாவியைத் தள்ளி வைத்தான். “எல அசஞ்சுச்சு, பாய். ஸ்கோப்புல கண்ணே வைக்கல, பதட்டத்துல விசைய இழுத்துட்டேன். மூர்த்தின்னு பாத்ததும் பயம் வந்துருச்சு. பழி வேற யார் மேலயாவது போகட்டும்னு...”

கஸ்தூரி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கணவர் எதிரில் போய் நின்றாள். தங்கராஜு இன்னமும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா மாமான்னு மூர்த்தி உங்க பின்னாடியேதானே சுத்துனான். நாளைக்கு அவன் காரியத்துல நீங்கதான் முன்னாடி நிக்கணும். எந்திரிங்க.”