ஆப்சென்ட் இருக்கை

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஏறிய மட்டுவார்குழலி ஸ்ரீரங்கத்தில் இறங்கியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. தேர்வு மையம் கோயில் மதிலோரத்துப் பழைய பள்ளிக்கூடம். வாசலில் மற்ற பெண்களுக்குக் கணவனோ அப்பாவோ குடை பிடித்து நின்றார்கள். இவள் காட்டூரிலிருந்து தனியாக வந்திருந்தாள். படித்ததும் தனியாகத்தான், துணிக்கடை வேலை முடிந்து வந்து, யாரிடமும் சொல்லாமல். அரசு வேலைக்கான வயது வரம்பு இந்தத் தேர்வோடு அவளுக்கு முடிகிறது.

கடைசி அறை. பாதி இருக்கைகள் காலி. அவளுக்குப் பின்னால் இருந்த பெஞ்சுக்கும் யாரும் வரவில்லை. கண்காணிப்பாளர் சகாயராணி டீச்சர் அந்த எண்ணுக்கு நேரே ‘ஆப்சென்ட்’ என்று குறித்துக்கொண்டு போனார்.

ஈரச் சுண்ணாம்பின் வாசனை. மின்விசிறியின் கிறீச்சல். தமிழ்ப் பகுதி வேகமாக ஓடியது. கணக்கில் ஒரு தொட்டி வந்தது; இரண்டு குழாய் நிரப்ப, ஒன்று காலி செய்ய. போட்டாள். விடை வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஒரு கணக்கு முரண்டு பிடித்தால் அதனோடு மல்லுக்கு நிற்பது அவள் வழக்கம். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான் கோட்டை விட்டாள்.

அரை மணிக்கொருமுறை அடிக்கும் மணி அடித்தது. அவள் காதில் விழவில்லை.

“விட்டுடுங்க அக்கா.”

கழுத்துக்குப் பின்னால் ஓர் இளம்பெண்ணின் குரல். கூடவே, விடைத்தாளின் வட்டத்தைப் பேனாவால் தேய்த்து நிரப்பும் சத்தம்.

திரும்பினாள்.

காலி பெஞ்சு.

“என்னம்மா, பின்னாடியே பாக்குறீங்க?” என்றார் டீச்சர். “அங்க காப்பியடிக்கக்கூட ஆள் இல்ல.”

யாரோ சிரித்தார்கள்.

“நானும் அந்தத் தொட்டியிலதான் நின்னுட்டேன்,” என்றது குரல். “அதுக்குள்ள கடைசி மணி அடிச்சிடுச்சு. நீங்க அடுத்ததுக்குப் போங்க.”

விரல்கள் சில்லிட்டன. ஆனாலும் அடுத்த கேள்விக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் படிப்பைப் பற்றி அவளிடம் அக்கறையாகப் பேசிய முதல் ஆள்.

அதன்பின் குரல் அவளை விடவில்லை.

“கடிகாரத்தைப் பாருங்க.”

“இது தெரிஞ்சதுதானே, ஷேட் பண்ணுங்க.”

“யோசிக்காதீங்க. நேரம் போகுது.”

ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது. கடைசியில் மூச்சே கன்னத்தில் பட்டது. கிணற்றுக்குள் இருந்து வருவது போன்ற குளிர்ச்சி. அவள் கை நிற்காமல் ஓடியது. எந்த விடை தான் தேர்ந்தெடுத்தது, எது அந்தக் குரல் சொன்னது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முடித்துவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக நேரம் மிச்சமிருந்தது. கண்ணீர் முட்டியது. திரும்பிப் பார்க்காமலே, “தேங்க்ஸ்மா,” என்று முணுமுணுத்தாள்.



டீச்சர் மைப்பெட்டியோடு வரிசையாக வந்தார். விடைத்தாளின் அடியிலுள்ள கட்டத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். எழுதியது யார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வேறு ஆள் ரேகை விழுந்தால் தாள் செல்லாது.

“வெரலக் குடுங்க,” என்றவர் தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “யாரு வச்சது இது? நான் இப்பதானே உங்ககிட்ட வரேன்?”

கட்டத்துக்குள் ஒரு ரேகை. மை இன்னும் காயவில்லை.

அவளுடைய பெருவிரலைவிடச் சிறியது.

மட்டுவார்குழலி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு மை இல்லை.

காதோரம் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

“இந்தத் தடவ நான் முடிச்சிட்டேன் அக்கா.”