நரி விரட்டுது

பிறந்து ஏழு நாளான பிள்ளை இருக்கும் வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை.

லீலாவதி வாசலிலேயே நின்றுவிட்டாள். உத்திரமேரூர் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரை மேல் மூன்று மைல் நடந்த கால்கள் கெஞ்சின. பன்னிரண்டு ஊருக்கு ஒரே நர்ஸ், என்ன செய்வாள். நிலைப்படியில் செருகிய வேப்பிலை காய்ந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சுக்கு வேகும் வாசனையும், வெந்நீர் அடுப்பின் புகையும், அதற்கெல்லாம் அடியில் ஈரச்சாணத்தின் புளித்த நெடியும் வந்தன.

"வாங்க நர்ஸம்மா, இன்னா இம்மா நாளா காணோம்?" எல்லம்மாளின் முகமெல்லாம் பூரிப்பு. தலைப்பிள்ளை அல்லவா. "நேத்துலேர்ந்து ஒரே சிரிப்பு. நரி வெரட்டுது."

தூக்கத்தில் சிரிக்கும் குழந்தையைப் பார்த்து எல்லாரும் சொல்வதுதான். லீலாவதியும் தன் பிள்ளைகளுக்குச் சொன்னவள்தான்.

"பால் குடிக்கிறானா?"

"நேத்துலேர்ந்து வாயே வெக்கல. தூங்கிக்கினே கீறான்."

இருட்டறையில் பாய்மேல் கிடந்த குழந்தையின் துணியை விலக்கினாள். தொப்புளில் பச்சையாய் ஏதோ அப்பியிருந்தது.

"சீக்கிரம் ஆறட்டும்னு தெனமும் பசுஞ்சாணி வெச்சிக்கினு வரேன்."

பயிற்சியின்போது அந்த ரணஜன்னிக் கிருமியை மைக்ராஸ்கோப் வழியே பார்த்திருக்கிறாள். நுனி பருத்த மேளக்குச்சி மாதிரி இருக்கும். பாலைத் தயிராக்குவதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான், சாணத்தை எருவாக்கிப் பயிரை வளர்ப்பதும் அவைதான், அவை இல்லாமல் நமக்குச் சோறில்லை என்றார் பாடம் நடத்திய டாக்டர். இது மட்டும் வேறு. காற்றுப் பட்டால் மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்கில் தூங்கும். காற்றுப் புகாத புண் கிடைத்தால் விழிக்கும்.

கர்ப்பத்திலேயே தாய்க்கு ஊசி போட்டிருந்தால் பிள்ளைக்கும் காவல். அந்த ஊசியைத்தான் ஐப்பசி மழையில், கால் வலி தாங்காமல், பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து ரிஜிஸ்டரில் மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினாள். எல்லம்மாள், ஊசி போட்டாச்சு. அயர்ச்சி, அவ்வளவுதான். ஒரு நாள் அயர்ச்சி.

கன்னத்தைத் தொட்டாள். இறுக்கம்.

விரல் நுனியால் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. பூட்டியிருந்தது.

உதடுகள் மட்டும் இரு பக்கமும் இழுபட்டு விரிந்திருந்தன. கண்கள் திறந்திருந்தன. தூக்கமில்லை.

வெளியே எல்லம்மாளின் புருஷன் வரதன் குடத்தை இறக்கினான். ணங்.

சின்ன முதுகு பாயை விட்டு எழும்பியது. தலையும் குதிகாலும் மட்டும் பாயில். விரல்கள் மடங்கி இறுகின. சத்தமில்லை. சிரிப்பு மட்டும் இன்னும் அகலமானது.

"தோ, நெட்டி முறிக்குது பாருங்க! யோவ், வந்து பாருய்யா, உம் புள்ள சிரிக்கிறத!"

சத்தம் போடாதே, சத்தம் பட்டாலே இழுக்கும் என்று சொல்ல வேண்டும். லீலாவதி பையிலிருந்த ரிஜிஸ்டரை இன்னும் உள்ளே தள்ளினாள்.

எல்லம்மாள் குனிந்து, கொஞ்சி, குழந்தையின் முகத்தருகே கைதட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அது இன்னும் வளைந்தது.