இரட்டைச் சாவி விழுந்த பக்கம்

அன்று ஹேவ்லாக் தீவில், காலாபத்தர் கடற்கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பெரிய தீவின் துறைமுகமான ஹேடோவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அப்துல் ஜப்பார், அவர் மனைவி பஷீரா, அவர்கள் மகள் ஜஸ்னா, அப்துல் ஜப்பாரின் தம்பி மகள் ஹுஸ்னா, ரய்யான் என்ற இளைஞன். ஆறாவதாக அங்கே ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் உண்டு. அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்களை ஏற்றினால் ஒரு படகு கொள்ளாது.

நானும் இந்தக் குடும்பம்தான்; அன்று அங்கே இல்லை, இருந்தவர்கள் சொன்னதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு மார்க் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும் இரண்டு சாவிகள். அப்துல் ஜப்பாரின் அந்தத் தம்பி, ஹுஸ்னாவின் அத்தா, சென்னையிலிருந்து கப்பலேற்றும் ஒவ்வொரு சாக்கின் மேலும் கறுப்பு மையில் அது விழும். ஹேடோவில் சாக்கு வந்து இறங்கும்போது கிழிந்திருக்கலாம், உப்புத் தண்ணீரில் ஊறியிருக்கலாம். இரட்டைச் சாவி இருந்தால் அது எங்கள் சரக்கு. 'எங்களுடையது இல்லை' என்று ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

அந்த மார்க்கைத்தான் ஹுஸ்னா ஒரு ரப்பர் துண்டில் செதுக்கித் தன் கைப்பையில் வைத்திருந்தாள்.

திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு. லெட்டர்பாக்ஸிங் என்று பெயர். யாராவது ஒரு சின்னப் பெட்டியை மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ ஒளித்து வைப்பார்கள். உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு நோட்டு, மை. இடத்துக்கான குறிப்பை வாட்ஸப் குழுவில் விடுகதை போலப் போடுவார்கள். தேடிக் கண்டுபிடித்தவர் பெட்டியின் ஸ்டாம்பைத் தன் நோட்டில் பதித்துக்கொண்டு, தன் சொந்த ஸ்டாம்பைப் பெட்டியின் நோட்டில் பதித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு பேர் பெட்டியருகே நேருக்கு நேர் சந்தித்துவிட்டால், ஒருவர் நோட்டில் மற்றவர் ஸ்டாம்ப் போட்டே ஆக வேண்டும். மறுப்பது அவமரியாதை.

ஹுஸ்னாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் கால் தரிக்காது. தான் தங்கியிருக்கும் பெரியத்தா அப்துல் ஜப்பாரின் மரைன் ஹில் வீட்டு ஜன்னலில் நின்று, துறைமுகத்தில் போகும் படகையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாள். எங்கே போகிறது... யார் போகிறார்கள்... நாம் ஏன் போகவில்லை?

அன்று பெரியத்தா ஒரு ரிசார்ட்டுக்குச் சரக்கு பேசப் போனார். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனார். பேச்சு முடிந்து, கடற்கரைச் சாலையில் பஷீராவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு பெண்களும் மணலில் இறங்கினார்கள்.

'கடலுக்கு முதுகு காட்டிச் சாய்ந்த மரம்... அதன் வயிற்றில் கை விடு.' குறிப்பு அவ்வளவுதான்.

மரம் இருந்தது. வயிற்றில் பொந்தும் இருந்தது. ஹுஸ்னா கையை விட்டாள். ஈர மணல். வேறு ஒன்றுமில்லை.

"ஹுஸ்னா... அங்க பாரு," என்றாள் ஜஸ்னா.

கறுப்புப் பாறைகளைத் தாண்டி ஒருவன் நடந்துகொண்டிருந்தான். வெறுங்கால். அக்குளில் ஒரு நீலப் பெட்டி.

"ஏங்க! நில்லுங்க! அத வச்சுட்டுப் போங்க!"

அவன் திரும்பினான். அப்போதுதான் முதல் தூறல் விழுந்தது. ஒரு துளி அவன் இமையில் தங்கியது... துடைக்காமல் அப்படியே அவளைப் பார்த்தான். கடலில் ஆழம் தொடங்கும் இடத்தில் தண்ணீர் சட்டென்று நிறம் மாறுமே, அப்படிப்பட்ட கண்கள். ஹுஸ்னாவுக்குச் சொல்ல வந்தது பாதி மறந்தது. மறந்ததனாலேயே கோபம் இரட்டிப்பானது.

"பார்க்கப் படிச்சவர் மாதிரி இருக்கீங்க. பெட்டிய இடம் மாத்தக் கூடாதுன்னு தெரியாது?"

"அரே, சுனோ மேடம்..." என்று அவன் இந்தியில் தொடங்கினான்.

"தமிழ்லயே சொல்லுங்க. திருடுனத எந்த பாஷையில சொன்னாலும் திருட்டுதான்."

"என் பெட்டிய நானே எப்படிங்க திருடுறது?" அவன் பெட்டியைச் சாய்த்துக் காட்டினான். மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இதை ஒளிச்சு வச்சதே நான்தான். நேத்து அமாவாசைக் கடல் ஏறி உள்ள வந்துடுச்சு. மேல, மேட்டுல வைக்கலாம்னு எடுத்துட்டுப் போறேன்."

ஜஸ்னா துப்பட்டாவுக்குள் சிரித்தாள். "வச்சவரையே திருடன்னுட்டியேடி!"

ஹுஸ்னாவின் காது மடல் சூடானது. மன்னிப்பு கேட்கலாம்... ஆனால் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்பவனிடமா?

"சரி, சந்திச்சுட்டோம்ல," என்று அவன் தன் நோட்டை நீட்டினான். "வழக்கம் வழக்கம்தான். போடுங்க ஸ்டாம்ப்பை."

முதலில் அவன் தன்னுடையதை அவள் நோட்டில் பதித்தான். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"என்ன இது... உருளைக்கிழங்கா?"

"கடல்பசுங்க! வால் இருக்கு பாருங்க!"

"உருளைக்கிழங்குக்கு வால் முளைச்சிருக்கு."

"மூணு நாள் உக்காந்து செதுக்கினேன்."

"எங்க கோடவுன்ல இதைவிட நல்லா கடல்பசு மாதிரி உருளைக்கிழங்கு இருக்கு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அவன் நோட்டில் இரட்டைச் சாவியை அழுத்தினாள். மை ஈரம் மின்னியது.

அவன் முகம் மாறியது. "இது... ஹேடோல சாக்கு மேல வர்ற மார்க் ஆச்சே?"

"ஆமா. எங்க சாக்குதான்."

"அது எங்க வீட்டு மார்க்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

குடையோடு அப்துல் ஜப்பார் நின்றார். பஷீரா அவருக்குப் பின்னால், மூச்சு வாங்க.

"யாருடா நீ? எங்க மார்க் உன் நோட்டுல எப்படி வந்துச்சு?"

ரய்யான் என்று அவன் தன் பெயரைச் சொன்னான். அவன் அத்தா ஹேவ்லாக் பஜாரில் வாடகை ஸ்கூட்டர் விடுகிறார். பூர்வீகம் கடையநல்லூர் பக்கம். அவன் டூரிஸ்ட்டுகளுக்கு டைவிங் கற்றுத் தருகிறான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"டூரிஸ்ட்டைத் தண்ணிக்குள்ள முக்கி எடுக்கிறவன் நோட்டுல இரட்டைச் சாவியா? இந்த மார்க் விழுந்ததெல்லாம் எங்க சரக்கு. கண்டவன் கையில அது இருக்கக் கூடாது. கிழி அந்தப் பக்கத்தை!"

"கிழிக்க மாட்டேன், சார். ஒருத்தர் மனசாரப் போட்டதை இன்னொருத்தர் சொல்லிக் கிழிக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்ல." அவன் ஹுஸ்னாவைப் பார்த்தான். "போட்டவங்க சொல்லட்டும். கிழிச்சுடுறேன். இல்ல, இருக்கட்டும்னு சொல்லட்டும்... வச்சுக்கிறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மழை கனத்தது.

'சொல்லு... இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லு...' உள்ளே ஒரு குரல் படபடத்தது. உதடு அசையவில்லை. பெரியத்தாவின் எதிரில் குரலுயர்த்தி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. அவள் மணலைப் பார்த்து நின்றாள்.

அவன் நோட்டின் மேல் விழுந்த துளியைச் சட்டையால் ஒற்றினான். பிறகு நோட்டை மூடினான். "புரிஞ்சுது," என்றான். பெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

படகிலேயே பெரியத்தா அந்த ரப்பர் ஸ்டாம்பை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு ஹுஸ்னாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. கோடவுன் கணக்கு மேசையில் பில் போட உட்கார்ந்தால் பருப்பை அரிசி என்று எழுதினாள். ஜன்னலுக்குப் போவாள், வருவாள், மறுபடி போவாள். புயல் சின்னம் என்று ஹேவ்லாக் படகுகளை நிறுத்தினார்கள். படகு ஓடாத நாளில் எரிச்சல். ஓடும் நாளில் அதைவிட எரிச்சல். 'யாருக்காகக் காத்திருக்கேன்? அவரா வருவாரு? நான்தானே ஊமை மாதிரி நின்னேன்...'

அவர்கள் தீவின் தென்முனையில், சிடியா டாப்புவில், விழுந்து கிடக்கும் ஒரு பெருமரத்தின் வேரடியில், ஹுஸ்னாவே ஒளித்து வைத்த பெட்டி ஒன்று உண்டு. அதன் குறிப்பு குழுவில் எல்லோருக்கும் தெரியும்; மூடியின் உட்புறம் இரட்டைச் சாவியும் பதிந்திருந்தது. மழையோ வெயிலோ, ஞாயிறானால் ஜஸ்னாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிப் போய்த் திறந்து பார்ப்பாள். யார் யாரோ வந்து போயிருந்தார்கள். பறவை, ஆமை, தென்னை மரம்... கடல்பசு மட்டும் வரவேயில்லை.

"இப்படியே போனா பெட்ரோல் போட்டே என் நகையெல்லாம் போயிரும்டி," என்றாள் ஜஸ்னா ஒரு ஞாயிறு, மழைக் கோட்டைப் பிழிந்துகொண்டே. "புடிச்சிருக்குன்னு சொல்லித் தொலையேன்."

"யாரு சொன்னா புடிச்சிருக்குன்னு?"

"ஆமா... சும்மா பெட்டிக்கு ஜுரம் இருக்கான்னு பாக்க வர்ற."

ஹுஸ்னா பெட்டியைத் திறந்தாள். நோட்டைப் புரட்டினாள். கை நின்றது.

கடைசிப் பக்கத்தில் ஒரு புது முத்திரை. கடல்பசு இல்லை. வால் இல்லை, துடுப்பு இல்லை... உருண்டையாக, மேலே இரண்டு மூன்று முளைக்கண்களோடு, சந்தேகமே இல்லாத ஒரு உருளைக்கிழங்கு!

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. விரலால் தொட்டாள். மை ஒட்டியது.

"ஜஸ்னா! காயல... இன்னும் காயல!"

சிடியா டாப்புவில் பஸ் நிற்கும் இடம் ஒன்றுதான். ஜஸ்னா ஸ்கூட்டரை விரட்டினாள். தகரக் கூரையின் கீழே, நனைந்த தலையோடு அவன் நின்றுகொண்டிருந்தான். ஜஸ்னா கூடவே இருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்கூட்டரை விட்டு இறங்கியவள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றாள்.

"உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்கு," என்றாள் ஹுஸ்னா, மூச்சிரைக்க.

"கடல்பசுவைத்தான் செதுக்கினேன்," என்றான் அவன். முகம் மட்டும் சிரிக்காமல் இருந்தது, கண்கள் காட்டிக்கொடுத்தன.

மழை தகரத்தில் கொட்டியது. பிறகு அவன் தன் நோட்டை எடுத்தான். பாலித்தீன் உறைக்குள், கசங்காமல், இரட்டைச் சாவிப் பக்கம்.

"இதைப் பத்திரமா வச்சுக்கிட்டா உங்க வீட்டுக்கு மரியாதை இல்ல. கிழிச்சா எனக்கு மனசில்ல. நீங்க சொல்லுங்க. இப்பவே முடிச்சுடலாம்."

'கிழிக்காதீங்க...' நாக்கு நுனி வரை வந்தது. ஹுஸ்னா அதை விழுங்கினாள். இந்தத் தடவை பயத்தில் இல்லை.

"இங்க சொல்ல மாட்டேன். அன்னிக்கு யார் முன்னாடி பேசாம நின்னேனோ, அவங்க முன்னாடிதான் சொல்வேன். சனிக்கிழமை சரக்கு இறங்குது. பெரியத்தா கோடவுன்ல இருப்பாங்க. வர தைரியம் இருக்கா?"

"சுறா இருக்கிற தண்ணியில இறங்குறவன் நான்."

"எங்க அத்தாவ நீங்க சரக்கு இறங்குற அன்னிக்குப் பார்த்ததில்ல," என்றாள் ஜஸ்னா.

சனிக்கிழமை வந்தது. ஹேடோவில், துறைமுக வார்ஃப் கேட்டுக்கு வெளியே இருக்கும் கோடவுனில் லாரி நின்றது. அப்துல் ஜப்பார் வாசலில் நிமிர்ந்து நின்று ஒவ்வொரு சாக்காகப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பஷீரா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

கூலியாள் ஒரு சாக்கைத் தோளில் வைத்தபடி தயங்கினான். அடிப்பக்கம் கிழிந்து உளுந்து சிந்தியது, பாதி ஈரம். "சேட், யே தோ கராப் ஹை. வாபஸ் பேஜே?" கெட்டுப்போனதைத் திருப்பி அனுப்பவா என்று இந்தியில் கேட்டான்.

"மார்க் இருக்கா?"

"ஹாங் சேட், தோ சாபி." சாக்கைத் திருப்பி இரட்டைச் சாவியைக் காட்டினான்.

"அப்புறம் என்ன வாபஸ்? உள்ள வை!"

அப்போதுதான் ரய்யான் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. சலாம் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து பெரியவர் முன்னால் நீட்டினான்.

"கிழிக்கணும்னா உங்க கையால கிழிங்க. என்னால முடியல."

அவர் கை நீண்டது. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தது.

"பெரியத்தா."

கணக்கு மேசையிலிருந்து ஹுஸ்னா எழுந்து வந்தாள். குரல் நடுங்கவில்லை.

"அந்தச் சாவிய யாரும் திருடிப் போடல. நான் போட்டேன். அன்னிக்கு அவர் கேட்டப்போ இருக்கட்டும்னு சொல்லாம நின்னேன். இப்ப சொல்றேன். இருக்கட்டும் பெரியத்தா. எனக்கு... இவரைப் பிடிச்சிருக்கு."

லாரி டிரைவர் ரேடியோவை நிறுத்தினார்.

"இந்த மார்க் விழுந்ததெல்லாம் நம்ம சரக்குன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றாள் அவள், மெதுவாக. "கண்டவன் கையில இருக்கக் கூடாதுன்னும் சொன்னீங்க. அப்ப வெளிய விடாதீங்க... உள்ள எடுத்துக்குங்க."

அப்துல் ஜப்பார் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு சிந்திக் கிடந்த உளுந்தைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

"பஷீரா," என்றார், யாரையும் பார்க்காமல். "மார்க் விழுந்ததைத் திருப்பி அனுப்புற பழக்கம் நம்மகிட்ட எப்பவாவது இருந்திருக்கா?"

"நான் வாழ வந்த நாள்ல இருந்து பார்த்ததில்ல," என்றாள் பஷீரா. துப்பட்டா நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அவர் ரய்யானிடம் திரும்பினார். "உங்க அத்தாவ அடுத்த படகுல வரச் சொல்லு. முறையா வரணும். நோட்டை மூடி வை, உளுந்துத் தூசி படுது."

ரய்யான் நோட்டை மூடினான். ஹுஸ்னாவைத்தான் பார்த்தான். இமையில் ஈரம். இன்று மழை இல்லை.

"எனக்கு அன்னிக்கே..." என்று தொடங்கினான். "நீங்க திருடன்னு கூப்பிட்டீங்களே, அப்பவே..."

"தெரியும்," என்றாள் ஹுஸ்னா. "அதான் உருளைக்கிழங்கை ஒத்துக்கிட்டீங்க."

அவள் ரப்பர் ஸ்டாம்ப் மறுநாள் காலை அவள் மேசையில் இருந்தது. யார் வைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை.

ஹேடோவிலும் மரைன் ஹில்லிலும் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது: இருவரும் முன்பே பழகியவர்கள், பேசி வைத்துக்கொண்டுதான் ஹேவ்லாக்கில் சந்தித்தார்கள் என்று. அது பொய். அன்று காலை வரை ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. முந்தின நாள் கடல் ஏறியது. பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அதனால்தான் அவன் அங்கே இருந்தான்.