எச்சில் முத்திரை

பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொடுகிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். அப்படிப்பட்ட ஒருவரோடுதான் 2011 மே மாதம் ஒரே மேஜையில் உட்கார வேண்டி வந்தது.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் பழனிவேலின் பங்களா. இடிக்கப்போகிற வீடு. மாடி அலமாரியில் ஒரு மரப்பெட்டி கிடைத்திருந்தது. உள்ளே இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கடிதங்கள். தேவனாம்பட்டினம் கோட்டையில் வேலை பார்த்த ஈவன் என்கிற வெள்ளைக்காரனும், வேல்ஸ் நாட்டில் பண்ணை பங்களாவில் இருந்த அவன் அம்மாவும் எழுதிக்கொண்டவை. அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஆங்கில எம்.ஏ. என்று என்னையும், பழைய தாளைக் கிழியாமல் பிரிப்பார் என்று பத்திர ஆபீசில் ஓய்வு பெற்ற கலியமூர்த்தியையும் பழனிவேல் கூப்பிட்டார்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். மாமியாரிடம் விட்டு வந்த என் பதினோரு மாதப் பெண் அனுப்பிரியா, என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள்.

பெட்டியைத் திறந்ததும் ஒரு நாற்றம் வந்தது. பூஞ்சை நாற்றமில்லை, எலி நாற்றமுமில்லை. பல நாள் பல் தேய்க்காத வாயின் நாற்றம்.

கலியமூர்த்தி விரலை நக்கினார். தாளைப் புரட்டினார். மறுபடி நக்கினார். என்னைப் போல் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"முப்பது வருசம் பத்திரம் பொரட்டுன கைம்மா இது. எச்சி தொடாம தாளு நவுராது," என்று சிரித்தார்.

ஈவன் இரண்டாவது மகன். நிலமெல்லாம் அண்ணனுக்கு என்றாகிவிட்டதால் இவனைக் கப்பலேற்றிவிட்டார்கள். குத்தகை, ஆட்டுக்கம்பளி, தங்கையின் கல்யாணம் என்று அம்மா பக்கம் பக்கமாக எழுதுவாள். முடிவில் எப்போதும் ஒரே வேண்டுகோள்தான். அந்தக் காலத்தில் கடித உறை கிடையாது. தாளை மடித்து, சிவப்பு மாவு வில்லை ஒன்றை நாக்கில் நனைத்து ஒட்டுவார்கள். சர்ச்சில் எங்கள் நாக்கில் வைக்கும் அப்பத்தைப் போல மெல்லிய வில்லை. 'உன் எச்சிலால் ஒட்டு மகனே, நான் என் நாக்கால் ஈரமாக்கிப் பிரிப்பேன்' என்று எழுதியிருந்தாள். தாய்ப்பாசம்தான். ஆனாலும் அந்தத் தாளை நுனியில் மட்டும் பிடித்து ஸ்கேனரில் வைத்தேன்.

ஈவன் தன் பதில்களுக்கு நகல் வைத்திருந்தான். ஈறு அழுகுகிறது என்றான் ஒன்றில். அடுத்ததில், ரொட்டியைக் கடித்தபோது பல் அதோடு வந்துவிட்டது என்றான். ஆனாலும் வில்லையை நாக்கில் நனைத்தே ஒட்டுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு உறுதி சொன்னான். தாள்களின் மூலையெல்லாம் பழுப்பு விரல் கறை.

மூன்றாம் நாள், கலியமூர்த்தி பேசும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் குடித்து வைத்த டீயில் ரத்தம் இழையாக மிதந்தது. வாயெல்லாம் புண்ணாம், வெயில் சூடாம்.

நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. வியர்வையில் வழுக்கிய கையுறையைக் கழற்றிப் போட்டேன். பெட்டியின் அடியில் கடைசிக் கடிதம் கிடந்தது. மடித்திருந்தார்கள், ஒட்டவில்லை. காய்ந்த வில்லை மடிப்புக்குள்ளேயே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் படித்தேன்.

'அம்மா, என் நாக்கு போய்விட்டது. இதை ஒட்ட வாயில் ஈரமில்லை. யாராவது எனக்காக நனைத்துத் தருவார்கள். காத்திரு.'

பக்கத்தில் ஈரமாக ஏதோ சப்புக்கொட்டியது.

கலியமூர்த்தி என் கையிலிருந்து தாளை வாங்கினார். வில்லையை நாக்கில் வைத்தார்.

நாக்கு கருத்திருந்தது.

"அவுங்க அம்மா காத்துக்கினு இருக்காங்க."

நீட்டிய நாக்கை உள்ளே இழுக்காமலேயே அதைச் சொன்னார். வில்லையைத் தாளில் வைத்து அழுத்தினார். குனிந்தபோது ஒரு பல் கழன்று கடிதத்தின் மேல் விழுந்தது.

நான் ஓடிவந்துவிட்டேன். வீட்டில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிள்ளை பசியில் அழுதுகொண்டிருந்தாள். தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஊட்டினேன்.

சாயங்காலம் பழனிவேல் போன் செய்தார். கலியமூர்த்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், பேச்சில்லையாம். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஜான்சி, அந்தக் கடைசி லெட்டர் பிரிஞ்சி கெடக்குது. வில்லையக் காணோம். நீ எடுத்துக்கினு போனியாம்மா?"

இல்லை என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அனுப்பிரியா பாயில் உட்கார்ந்து செய்தித்தாளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள்.

விரலை நாக்கில் தொட்டாள்.

பக்கத்தைப் புரட்டினாள்.

தாளின் மூலையில் பழுப்புக் கறை. பெட்டியைத் திறந்த அன்று வந்த நாற்றம் பாயிலிருந்து வந்தது.

"வாயத் தொற கண்ணு," என்றேன்.

சமர்த்தாகத் திறந்தாள். நாக்கின் நடுவில் சிவப்பு வில்லை, ஈரமாக.

விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன்.

நன்றாக ஒட்டியிருந்தது.